பிர்ரியாவில் கோழி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மெக்சிகன் கேசடியா சமையல் குறிப்பைப் படித்தேன். முதலில் கண்ணில் பட்டது படம்தான். சிவந்த கொழுப்பு மினுங்கும் மடித்த டோர்ட்டியா ரொட்டி, ஓரத்தில் வழிந்து மொறுமொறுத்த சீஸ், பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கறிச்சாறு. பரவாயில்லையே, நம்ம ஊர்ப் பத்திரிகை வரை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். படத்துக்குக் கீழே இறங்கினால் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி அரை கிலோ, மிளகாய்த்தூள், தக்காளி சாஸ், குக்கரில் மூன்று விசில், சீஸ் இல்லாதவர்கள் பனீர் துருவிப் போடலாம் என்று இருக்கிறது. படம் ஒரு பண்டம், குறிப்பு வேறு பண்டம். படத்தில் இருப்பது பிர்ரியா வைத்த கேசடியா. மாட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்வது. அதைக் கோழியில் செய்தால் என்ன வரும் என்பதைச் செய்து பார்த்த வாசகர்கள் இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. மகள் குடும்பத்தோடு இப்போது கலிபோர்னியாவில் சூலா விஸ்டா என்ற ஊரில் இருக்கிறேன். இது சான் டியேகோவுக்குத் தெற்கே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் எல்லைவாசல், அதைத் தாண்டினால் மெக்சிகோவின் டிஹுவானா. எங்கள் தெருவில் ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ்தான் அதிகம் காதில் விழும். கறிக்கடைக்குப் போனால் அங்கேயே டோர்ட்டியா சூடாகக் கிடைக்கும். மாட்டுக்கறி எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் மரச்சீனிக் கிழங்கும் மாட்டுக்கறியும்தான். அதனால் இதை ஏதோ வெளிநாட்டு அதிசயமாக நான் பார்க்கவில்லை. கறி வைக்கத் தெரிந்த ஒருத்தி இன்னொரு ஊர்க் கறியைப் பார்க்கிற கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

மாட்டுக்கறி என்று போட்டால் சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சமையல் பகுதிக்காரர்கள் நினைத்திருக்கலாம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டுக்கு மாற்றுத் தேடியவர்கள் கோழியிடம் போனதுதான் வேடிக்கை. பிர்ரியா பிறந்தது மெக்சிகோவின் மேற்கே ஹலிஸ்கோ மாநிலத்தில். அங்கே அது வெள்ளாட்டுக்கறி! ஆடும் மாடும் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. வறண்ட மேட்டு நிலத்தில் வெள்ளாடு பெருகியது. முற்றிய கிடாயின் கறி கடினமாகவும் வீச்சத்தோடும் இருக்கும். அதற்குத்தான் அவ்வளவு மிளகாயும் மசாலாவும் வினிகரும் சேர்த்து, நெருப்புக் குழியிலோ அடுப்பிலோ மூடி வைத்து நெடுநேரம் வேகவைத்தார்கள். கல்யாணம், ஞானஸ்நானம் என்றால் இன்றைக்கும் ஹலிஸ்கோவில் பிர்ரியா உண்டு. அது வடக்கே டிஹுவானாவுக்கு வந்தபோதுதான் மாட்டுக்கறி பிடித்துக்கொண்டது. சாறும் தண்ணீராகக் கூடியது. டோர்ட்டியாவைக் கொழுப்பில் முக்கி, சீஸ் வைத்துத் தகட்டில் சுட்டுத் தருகிற வழக்கமும் அந்த எல்லைப்புறத்தில்தான் வளர்ந்தது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய், 2019, 2020 வாக்கில் கைப்பேசி வீடியோக்களில் ஏறி, இப்போது தங்கள் ஞாயிறு இணைப்பு வரை வந்திருக்கிறது.

ஆக, மாடு வேண்டாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற வெள்ளாட்டுக்கறியைச் சொல்லியிருந்தால் அது மாற்றாகக்கூட இருந்திருக்காது, மூலத்துக்கே போனதாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டுக் கோழி நெஞ்சு!

ஆட்டுக்குப் பதில் மாடு வரலாமென்றால் மாட்டுக்குப் பதில் கோழி ஏன் வரக்கூடாது என்று கேட்கலாம். வரக்கூடாது என்பதற்குக் காரணம் கறிக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டிலும் மாட்டிலும் தோள், கால், நெஞ்செலும்பு இவையெல்லாம் விலங்கு தினமும் உழைக்கிற இடங்கள். அங்கே தசையைச் சுற்றி வெள்ளைச் சவ்வும் நாரும் நிறைய இருக்கும். கொலாஜன் என்பது அதுதான். கறி சூடேறி 60, 70 டிகிரியைத் தொடும்போது தசை சுருங்கித் தண்ணீரைக் கக்கி விறைத்துவிடும். அந்த நேரத்தில் எடுத்துக் கடித்தால் ரப்பர். அதையும் தாண்டி 80, 90 டிகிரியில் பொறுமையாக வைத்திருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலாட்டினாக மாறும். கறி நாராகப் பிரியும், வாயில் வழவழப்பாக இருக்கும், சாறு உதட்டில் ஒட்டும். இதற்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். கோழி நெஞ்சில் கரைவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. மூன்றரை மணி நேரம் வைத்தால் மரத்தூள்தான் மிஞ்சும், கால் மணி நேரத்தில் இறக்கினால் சாறு என்று ஒன்று வராது. அதனால்தான் அந்தக் குறிப்பில் கறிச்சாற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை போலிருக்கிறது. படத்தில் மட்டும் கிண்ணம் இருக்கிறது.

இன்னொரு குறை மிளகாய்த்தூள். மெக்சிகோக்காரர்கள் இதற்குத் தூள் போடுவதில்லை, முழு வத்தல் ஊறவைத்து அரைப்பார்கள். நம் அம்மிக்காலத்துப் பழக்கம்தான். இங்கே குவாஹியோ, ஆன்சோ, ஆர்போல் என்று மூன்று வத்தல் சேர்ப்பார்கள். குவாஹியோ நீளமாக, வழவழப்பான தடித்த தோலோடு கருஞ்சிவப்பாக இருக்கும். நிறத்துக்கு அதுதான். காரம் மிகக் குறைவு. ஆன்சோ என்பது பொப்லானோ மிளகாய் பழுத்துக் காய்ந்தது. அகலமாகச் சுருங்கிக் கறுத்திருக்கும், கிள்ளி முகர்ந்தால் உலர்திராட்சை மணம் வரும். ஆர்போல் குச்சி மாதிரி சின்னது, காரத்துக்கு அது. நம் ஊரில் செய்பவர்கள் குவாஹியோவுக்குப் பதிலாகக் கர்நாடகத்து பியாடகி வத்தலைத் தாராளமாகப் போடலாம். நிறம் அபாரமாக வரும், காரம் கழுத்தைப் பிடிக்காது. ஆன்சோவுக்கு நேர் மாற்று நம்மிடம் இல்லை. பியாடகியோடு நாலைந்து உலர்திராட்சை சேர்த்து அரைத்தால் ஓரளவு ஈடுகட்டும். ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் காரத்துக்கென்று ஒன்றிரண்டு போடுங்கள். அதையே பிரதானமாகப் போட்டால் சாறைக் குடிக்க முடியாது. பிர்ரியாவில் சாறு குடிப்பதற்குத்தான்.

வத்தலைக் காம்பு கிள்ளி, விதையை உதறி, சூடான தோசைக்கல்லில் ஒரு பக்கம் சில நொடி, மறுபக்கம் சில நொடி, அவ்வளவுதான் வாட்ட வேண்டும். மணம் எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் கசக்கும், எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. என் எதிர்வீட்டில் ஹலிஸ்கோவில் இருந்து வந்த ஒரு அம்மாள் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறவர். நான் பாட்டி முறை வைத்திருக்கிறேன், அவர் என்னை 'வெசினா' என்று கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தம். வத்தல் வாட்டும்போது அவர் பேசமாட்டார். பேச்சு கொடுத்தாலும் "பொறு, வெசினா" என்று கையைக் காட்டிவிடுவார். கல்லில் இருக்கிற வத்தலின் தோல் லேசாக உப்பி, சிவப்பு ஒரு கணம் பளிச்சென்று வெளுக்கும். அந்தக் கணத்தில் திருப்புவார். அடுத்த வத்தலுக்கு அந்தக் கணம் வேறாக இருக்கும், கடிகாரம் உதவாது. பிறகு வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டுத்தான் விட்ட இடத்தில் இருந்து பேச்சைத் தொடர்வார்.

கணக்குச் சொல்கிறேன். எலும்போடு ஒன்றரை கிலோ மாட்டுக்கறிக்குக் குவாஹியோ எட்டு, ஆன்சோ மூன்று, ஆர்போல் இரண்டு. பழுத்த தக்காளி மூன்று, பெரிய வெங்காயம் பாதி, பூண்டு ஆறு பல், இவற்றையும் கல்லில் சுட்டுக்கொள்ள வேண்டும். ஒரு விரல் நீளம் பட்டை, கிராம்பு மூன்று, நல்லமிளகு பத்து, சீரகம் அரைத் தேக்கரண்டி, காய்ந்த ஒரேகானோ இரண்டு தேக்கரண்டி, வினிகர் நாலு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஊறிய வத்தலோடு மையாக அரைத்து வடிகட்ட வேண்டும். குவாஹியோ தோல் எந்த மிக்சியிலும் முழுசாக அரைபடாது, வடிகட்டாவிட்டால் பல்லிடுக்கில் நிற்கும். பியாடகிக்கும் இதே வைத்தியம்தான். ஒரேகானோவில் இரண்டு ஜாதி உண்டு. பீட்சாவுக்குத் தூவுவது புதினா குடும்பம். மெக்சிகன் ஒரேகானோ வேறு குடும்பத்துச் செடி, வாசமும் முரட்டுத்தனமாக இருக்கும். கிடைக்காவிட்டால் பீட்சாவுக்கு வருவதையே பாதி அளவு போடுங்கள், குடிமுழுகிப் போகாது.

பட்டை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கறிக்கு மெக்சிகோக்காரர்கள் போடுவது இலங்கைப் பட்டை. காகிதம் மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டி, விரலால் நொறுக்கும்படி இருக்குமே, அது. இலங்கைப் பட்டையை உலகத்திலேயே அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான். நம் மளிகைக்கடையில் பட்டை என்று கேட்டால் தடிமனான கேசியாவைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். அது பிரியாணிக்குச் சரி. இதில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இலங்கை வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கறி வாங்கும்போது 'எலும்பில்லாமல்' என்று சொல்லாதீர்கள். இங்கே சக் என்கிற தோள் துண்டும், மஜ்ஜையோடு வெட்டிய கால் துண்டும் கலந்து வாங்குவோம். நம் ஊரில் முன்சப்பை, நெஞ்செலும்பு, கால் எலும்பு என்று கேட்டு வாங்கலாம். தமிழ்நாட்டில் கடைக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு, கொழுப்பும் கம்மி. அதனால் கொழுப்புத் துண்டு கொஞ்சம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வேகும் நேரமும் கூடும், நாலு மணி நேரம்கூட ஆகலாம். வெள்ளாடென்றால் தொடை வேண்டாம், கழுத்தும் முன்சப்பையும் நெஞ்செலும்பும் போடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் ஆகிவிடும்.

உப்பு தடவிய பெரிய துண்டுகளைக் கனமான சட்டியில் நாலு பக்கமும் சிவக்க வாட்டி எடுத்துவிட்டு, அதே சட்டியில் அரைத்த விழுதைக் கொட்டி, பச்சை வாசனை போக வதக்க வேண்டும். பிறகு கறியைத் திரும்பப் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும்பினால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பெல்லாம் சாற்றோடு கலங்கி, பால் கலந்த மாதிரி மங்கிவிடும். மேலே தெளிந்து மிதக்க வேண்டிய கொழுப்பு மிதக்காது.

இந்தக் கொழுப்புதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தங்கள் குறிப்பில் 'அதிகப்படி எண்ணெய் மிதந்தால் வடித்துக் கொட்டிவிடவும்' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். கொட்டச் சொன்னீர்களே, அது இல்லாவிட்டால் படத்தில் இருக்கிற சிவப்பு எங்கிருந்து வரும்? வத்தலின் நிறமும் காரமும் கொழுப்பில் கரைகிறவை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மூன்றரை மணி நேரம் மாட்டுக்கொழுப்பு உருகி உருகி, வத்தலில் இருக்கிற சிவப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு மேலே வந்து நிற்கும். அதைக் கரண்டியால் பதமாக அள்ளி ஒரு கிண்ணத்தில் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். டோர்ட்டியாவை முக்குவது அதில்தான். அவசரமில்லாதவர்கள் சாற்றை இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கொழுப்பு ஆரஞ்சுத் தகடாக உறைந்து நிற்கும், அப்படியே தூக்கிவிடலாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை வேகவைத்து ஞாயிறு காலை சுடுவதுதான் வழக்கம். டிஹுவானாவிலும் பிர்ரியா காலைப் பலகாரம், விடிந்ததும் கடை போட்டு மதியத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

குக்கரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எரிவாயு விலையில் நாலு மணி நேரம் அடுப்பெரிக்க எல்லோராலும் முடியாது. குக்கரில் வைப்பவர்கள் விசிலை எண்ணாமல், ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தூக்காதீர்கள். தூக்கினால் உள்ளே இருக்கிற சாறு சட்டென்று கொந்தளித்து, மேலே நிற்கிற கொழுப்பை எல்லாம் உள்ளே இழுத்துக் கலக்கிவிடும்.

கறியை எடுத்து எலும்பு நீக்கிப் பிய்த்து, இரண்டு கரண்டி சாறு விட்டுப் பிசறி வைத்துக்கொண்டால், மிச்சம் சுடுகிற வேலைதான். டோர்ட்டியாவின் ஒரு முகத்தைச் சிவந்த கொழுப்பில் முக்கி, அந்த முகம் கீழே இருக்கும்படி சூடான கல்லில் போட வேண்டும். முதலில் சீஸ், அது இளகத் தொடங்கும்போது ஒரு பாதியில் கறி, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயமும் மல்லித்தழையும். மடித்து, இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகும்வரை அழுத்திச் சுட வேண்டும். சீஸ் கொஞ்சம் வெளியே வழிந்து கல்லில் கருகி ஒட்டும், அதைச் சுரண்டி எடுத்துத் தின்பதற்கு வீட்டில் சண்டை நடக்கும். எலுமிச்சை பிழிந்து, சாற்றில் முக்கி முக்கிச் சாப்பிட வேண்டும்.

இங்கே போடுவது வஹாக்கா சீஸ். நூல் பந்து மாதிரி சுற்றி வைத்திருப்பார்கள், பிரித்தால் இழை இழையாக வரும். மொசரெல்லாவும் அதே வகையில் இழுத்துச் செய்கிற சீஸ்தான், அதனால் அதைத் தாராளமாகப் போடலாம். பனீர் மட்டும் வேண்டாம். பால் சூடாக இருக்கும்போதே புளிப்பு விட்டுத் திரித்தது பனீர், எத்தனை சூட்டிலும் உருகாது. உள்ளே துருவல் துருவலாகவே உட்கார்ந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு இந்தச் சீஸ் சமாச்சாரமே பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிர்ரியா என்றால் கிண்ணத்தில் கறியும் சாறும், கையில் வெறும் டோர்ட்டியா, தீர்ந்தது கதை என்பார். சீஸ் வைத்து மடிப்பதெல்லாம் டிஹுவானாக்காரர்களின் சின்னப்பிள்ளை விளையாட்டாம். நான் தட்டில் வைத்துக் கொடுத்தால் மட்டும் மிச்சம் வைக்கமாட்டார். எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மீந்த சாற்றை அவித்த மரச்சீனியில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவேன். மகளுக்கு அது வெட்கக்கேடு. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து நம் ஊருக்கு வந்த கிழங்கும் மிளகாயும் திரும்ப இங்கே வந்து ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் யாருக்கு என்ன நட்டம்?

டோர்ட்டியாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தங்கள் குறிப்பில் மைதாவில் செய்யலாம் என்று இருந்தது, அதில் தப்பில்லை. மெக்சிகோவின் வடக்கே கோதுமை மாவுக் கேசடியா சர்வசாதாரணம். ஆனால் மைதா டோர்ட்டியாவைக் கொழுப்பில் முக்கினால் சவசவவென்று ஆகிவிடும். பிர்ரியாவுக்குச் சோளம்தான், அதாவது நம் மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவிக் களைந்து அரைப்பார்கள். ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அந்த மக்கள் அப்படித்தான் செய்தார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவுக்குப் பசை வரும், தட்டினால் விரிசல் விடாது. சோளத்துக்குள் உடம்புக்குப் பிடிபடாமல் கிடக்கும் நியாசின் சத்தும் அப்போதுதான் விடுபடும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் வாங்கிப்போன ஐரோப்பிய ஏழைகள், அதையே மூன்று வேளையும் தின்று பெலாக்ரா நோய் வந்து தோல் உரிந்து செத்தார்கள். சுண்ணாம்பு சேர்த்த அந்த மாவு மாசா ஹரினா என்ற பெயரில் பொட்டலமாக வருகிறது. பெரிய நகரங்களில், இணையக் கடைகளில் தேடினால் கிடைக்கும். கிடைக்காதவர்கள் கடையில் விற்கிற சோள டோர்ட்டியாவை வாங்குங்கள், அதுவும் இல்லையென்றால் மைதாவில் செய்து, முக்காமல் மேலே லேசாகத் தடவிச் சுடுங்கள்.

ஆனால் 'சோள டோர்ட்டியா விரும்புவோர் மைதாவுக்குப் பதில் இரண்டு கப் கார்ன் ஃப்ளோர் சேர்த்துப் பிசையவும்' என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்காவது உடனே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நம் கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது சூப்பைக் கெட்டியாக்குகிற வெள்ளை ஸ்டார்ச். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் கையில் பிடித்தால் கட்டியாகும், விட்டால் வழியும். யாரோ ஒரு வாசகி இந்த ஞாயிற்றுக்கிழமை அதை உருட்டித் தேய்க்கப் போராடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்து வாசகி,
சூலா விஸ்டா, கலிபோர்னியா.